பெர்னடெற் மாமி பெயர் சொல்லிக் கூப்பிட்டார்

“ரெண்டு பேர் பக்கத்தில நிண்டவை. நான் வாங்கோ எண்டு கூப்பிட்டனான். ஏன் பிள்ளை ஒருத்தரும் வரேல்லை?”

பெர்னடெற் மாமி என்னிடம்தான் இப்படிக் கேட்டார். பயிற்சி நிலையத்திலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. அன்று அவருடைய கண்முன்னே ஒரு நோயாளி இறந்துபோயிருந்தார். அந்த நோயாளி ஒரு பொம்மைதான்.

மாமி என் அப்பாவின் தங்கை. மன்னாரிலிருந்து வந்த புதிதில் சூக் நகரில் அலுவலகங்களைத் துப்புரவு செய்தார். பிறகு ஆரா என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. அங்கேயே கொஞ்சம் கொஞ்சமாக மேல்மாடிக்கு ஏறி, முதியவர்களைக் குளிப்பாட்டி உடுத்திவிடும் உதவியாளரானார். மகன் றெக்சன் வாகனம் திருத்தும் தொழிலைப் பழகத் தொடங்கிய அதே கோடையில், தானும் தாதியர் பயிற்சியில் சேர்ந்துவிட்டார். “என்ர வீட்டில ரெண்டு மாணவர்” என்று கிளமென்ற் மாமா கோயிலில் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தார்.

நானும் அப்போதுதான் பள்ளியை முடித்திருந்தேன். என்ன தொழில் பழகுவது என்று தெரியவில்லை. வெதுப்பகம், மூக்குக்கண்ணாடிக் கடை, வங்கி என்று எங்கே போய்ப் பார்த்தாலும் மறுநாளே என் கால் வாசலைத் தேடியது.

மாமியின் பயிற்சி நிலையத்தில் உண்மையான வார்டைப் போலவே ஓர் அறை இருக்கிறது. கட்டிலில் ஒரு பொம்மை படுத்திருக்கும். அதன் நெஞ்சு ஏறி இறங்கும், நாடி துடிக்கும், உதடு நீலமாகும். ஆசிரியை பூரி அம்மையார் பக்கத்து அறையில் கணினியின் முன்னால் இருந்து அதற்கு நோயை வரவழைப்பார். நடப்பதையெல்லாம் கமரா பதிவு செய்யும். பிறகு எல்லாரும் சேர்ந்திருந்து அதைப் பார்த்துக் கதைப்பார்கள். அங்கே தவறு விடலாம், யாருக்கும் உயிர் போகாது. ஆனால் மாமி செய்தது புள்ளி போடும் பயிற்சி. அதை ஒருமுறைதான் திரும்பச் செய்யலாம். அதிலும் தவறினால் அந்த வருடம் இறுதிப் பரீட்சைக்குப் போக முடியாது.

முதல் தடவை பொம்மைக்கு மூச்சுத் திணறியபோது மாமி தலைமாட்டை உயர்த்தினார், நாடி பார்த்தார். பிறகு காற்றைப் பார்த்துச் சொல்வதைப் போல “தயவுசெய்து வாருங்கள்” என்று டொச் எனும் ஜேர்மன் மொழியில் சொன்னார். கூட நின்ற இரண்டு பயிலுநர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாமி எல்லாவற்றையும் தனியே செய்ய ஓடினார். நாடி நின்றுவிட்டது.

“உங்கள் கைகள் நன்றாக வேலை செய்தன. ஆனால் யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருவரைப் பெயர் சொல்லி அழையுங்கள். ஒரு வேலையைச் சொல்லுங்கள். அவர் அதைத் திருப்பிச் சொல்லும்வரை காத்திருங்கள்” என்றார் பூரி அம்மையார்.

மாமிக்கு அது மலையாகத் தெரிந்தது. “டொக்டரும் வந்து நிப்பார். அவரைப் போய்ப் பேர் சொல்லி, அதைச் செய்யுங்கோ இதைச் செய்யுங்கோ எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?”

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமி வீட்டில் ஒத்திகை பார்த்தோம். நான் நோயாளியாகச் சோபாவில் படுத்தேன். மாமாவும் றெக்சனும் தாதியர்.

“இஞ்சருங்கோ, ஒக்சிசன் கொண்டுவாங்கோ” என்றார் மாமி.

இரண்டு பேரும் அசையவில்லை.

“நீர் இப்ப ஆரைக் கூப்பிட்டனீர்?” என்று மாமா கேட்டார்.

“உங்களைத்தான்.”

“இஞ்சருங்கோ எண்டு கூப்பிட்டால் எங்கட ஆக்களில பாதிப் பேர் திரும்பிப் பாப்பினம். எனக்கு ஞானஸ்நானத்தில வைச்ச பேர் வேற.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“மூச்சு விடேலாதவள் சிரிக்கிறாளோ? செத்தவள் மாதிரிக் கிட” என்றான் றெக்சன்.

“அவள் சாகக் கூடாது. அதுக்குத்தானே இவ்வளவு பாடு” என்றார் மாமி.

சிரித்துக்கொண்டு கிடந்தபோதுதான் எனக்கு விளங்கியது. கலியாணம் கட்டிய நாளிலிருந்து மாமி மாமாவைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. மற்றவர்களிடம் பேசும்போதுகூட ‘றெக்சன்ர அப்பா’தான். மதிக்கும் ஒருவரைப் பெயர் சொல்லாமல் கூப்பிடுவதுதான் அவருக்குத் தெரிந்த மரியாதை. அதே மரியாதையைத்தான் அந்த அறையிலும் எல்லாருக்கும் கொடுத்திருக்கிறார். அதனால்தான் ஒருவரும் வரவில்லை. நான் இதைச் சொன்னபோது மாமி மாமாவின் பக்கம் திரும்பினார்.

“கிளமென்ற்” என்றார் மெல்ல.

“கேக்கேல்லை” என்றார் மாமா.

“கிளமென்ற், ஒக்சிசன் கொண்டுவாங்கோ.”

மாமா விறைப்பாக எழுந்து நின்றார். “ஒக்சிசன் கொண்டுவாறன்” என்று திருப்பிச் சொல்லிவிட்டு உள்ளே போய், தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் குழாயோடு வந்தார். காதுவரை சிவந்திருந்த மாமியும் சிரித்துவிட்டார். அதன்பிறகு ஒவ்வொரு மாலையும் அந்த வீட்டில் கிளமென்ற் என்ற பெயர் கேட்டது. உப்புக்கும் கிளமென்ற், குப்பைப் பைக்கும் கிளமென்ற்.

மாமி அந்தப் பயிற்சியைத் திரும்பச் செய்த நாளில், தொழில் தேடும் மாணவர்கள் வந்து பார்க்கலாம் என்று பயிற்சி நிலையம் அறிவித்திருந்தது. நானும் பெயர் கொடுத்தேன். மாமியிடம் சம்மதம் கேட்டார்கள். “பாக்கட்டும்” என்றாராம். பக்கத்து அறையில் கமராத் திரையின் முன்னால் இருந்தேன். என் கால்கள் ஓர் இடத்தில் இருக்கவில்லை.

இந்தமுறை பொம்மைக்குப் புதிய மருந்து ஏறிக்கொண்டிருந்தது. திடீரென்று அது இருமியது. மூச்சு இழுத்தது. மாமி உடனே மருந்துக் குழாயை மூடினார், தலைமாட்டை உயர்த்தினார், நிமிர்ந்தார்.

“கிளமென்ற்!”

அறையில் கிளமென்ற் என்று யாரும் இல்லை. ஆனால் மாமி நிற்கவில்லை.

“நடீன், ஒக்சிசன் கொண்டு வாருங்கள்.”

நடீன் என்ற சக மாணவி பதில் சொல்லாமலே அலுமாரிக்கு ஓடினாள். பழைய மாமியென்றால் பேசாமல் விட்டிருப்பார்.

“நடீன், என்ன கொண்டு வரப் போகிறீர்கள்?”

நடீன் நின்றாள். அவள் கையில் இருந்தது சளி உறிஞ்சும் கருவி. அதைத் திரும்ப வைத்துவிட்டு, “ஒக்சிசன் கொண்டு வருகிறேன்” என்று உரக்கச் சொன்னாள். மருத்துவராக நடித்தவர் உள்ளே வந்தார். “டொக்டர் வீஸ், புதிய மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. நிறுத்திவிட்டேன். நோயாளியின் தொண்டையைப் பாருங்கள்.” அவர் திருப்பிச் சொன்னார்: “தொண்டையைப் பார்க்கிறேன்.” பொம்மையின் உதட்டில் இருந்த நீலம் மெல்ல மறைந்தது. நான் கதிரையை விட்டு எழுந்து நின்றிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது.

மாமி தேறிவிட்டார். பூரி அம்மையாருக்கு ஒரு கேள்வி மட்டும் இருந்தது. “யார் அந்தக் கிளமென்ற்?”

“என் கணவர். அவரை வைத்துத்தான் பழகினேன்.”

அந்த அறை முழுக்கச் சிரித்தது. மாமி தலை குனியவில்லை.

இறுதிப் பரீட்சையிலும் அவர் தேறினார். இப்போது அதே முதியோர் இல்லத்தில், ஒரு காலத்தில் தட்டுக் கழுவிய சமையலறைக்கு மேலே, மாலை வேளையில் ஒரு பகுதிக்கே மாமிதான் பொறுப்பு. ஆவணியில் நானும் அதே பயிற்சியைத் தொடங்குகிறேன். இந்தமுறை என் கால் வாசலைத் தேடவில்லை.

இதைப் படிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். எல்லா வேலையையும் சத்தமில்லாமல் தானே செய்து முடிக்கும் ஒருவர் உங்கள் வீட்டிலும் இருப்பார். பெர்னடெற் மாமியின் கதையை அவருக்குச் சொல்லுங்கள். அவரும் இன்னொருவருக்குச் சொல்லட்டும். சொல்லத் தொடங்கும்போது அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.