ரோசம்மாளின் வெயில் ரோகு

ரோசம்மாள் எதையும் ஒரு முறை பார்த்து நம்பியதில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்னால், செங்கலுக்கு மண் எடுத்துக் கைவிட்ட இரண்டு பள்ளங்களைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்க்கிறாள். விடிந்ததும் முதல் வேலை, குளத்துத் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி முகர்ந்து பார்ப்பது. வாங்கி வந்த தீவன மூட்டையை மறுபடி எடை போடுவாள். கணவன் சின்னதுரை ஷிஃப்ட் முடிந்து வந்து சாப்பிட்டாகிவிட்டது என்றால், டிபன் டப்பாவைத் திறந்து பார்ப்பாள்.

முன்பு ஒரு மீன் குஞ்சு பொரிப்பகத்தில் ஒன்பது வருடம் தொட்டி கழுவினாள். கழுவியபடியே, தாய் மீனுக்கு முட்டையிட எப்போது ஊசி போடுகிறார்கள், எந்த மீனை ஒதுக்குகிறார்கள் என்று கவனித்து வைத்துக்கொண்டாள். கேட்டால் சொல்லமாட்டார்கள். சொல்லியிருந்தாலும் நம்பியிருக்கமாட்டாள்.

சொந்தமாகத் தொடங்கிய பிறகு அவள் தேடியது கத்திரி வெயிலிலும் தின்று வளரும் ரோகு மீனை. சூடு ஏறினால் ரோகு தின்னாது, தின்னாத மாதம் வளராத மாதம். அதனால் மே மாதத்தில் மத்தியானம் இரண்டு மணிக்குத் துளை போட்ட தீவனப் பையைக் கழியில் கட்டித் தண்ணீரில் தொங்கவிடுவாள். அந்த நேரத்திலும் வந்து முட்டித் தின்பவற்றில் பெரியதாகப் பிடித்து, வலது வயிற்றுத் துடுப்பின் நுனியை நறுக்கிவிடுவாள். நறுக்கியவைதான் மழைக்காலத்தில் தாயும் தகப்பனும். மற்றதெல்லாம் சந்தைக்கு. எட்டு வருடத்தில் அவள் குஞ்சுகளுக்கு மீஞ்சூர், சோழவரம் வரை 'வெயில் ரோகு' என்று பெயர் வந்துவிட்டது.

இந்த மே மாதம் ஆர்.கே.பேட்டையிலிருந்து ஆதிநாராயணன் வந்தார். நெல் விவசாயி. போன வருடம் தன் நிலத்துக் குட்டைக்கு இரண்டாயிரம் குஞ்சு வாங்கியவர். வண்டியிலிருந்து ஒரு பையை எடுத்துத் தரையில் கொட்டினார். ஆறு ரோகு, செத்து வெளிறியிருந்தன.

"உன் வெயில் ரோகு. பாரும்மா."

ரோசம்மாள் ஒன்றின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். "எத்தினி மணிக்கு மெதந்துச்சிங்க ஐயா?"

"ஜாதகமா எழுதப் போற?"

"விடிகால்ல செத்தா காத்து பத்தாம செத்துது. மத்தியானத்துல செத்தா சூடு."

"ரெண்டரைக்கு. பக்கத்துலயே நின்னுகினு இருந்தேன். ஆடிக்கு என் மச்சான்கூட உங்கிட்டதான் குஞ்சு வாங்கறதா இருக்கான். இன்னா சொல்றது அவனுக்கு?"

"பத்து நாள் குடுங்க. நானே சொல்றேன்."

மழைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. தாய்க் குளத்தில் துடுப்பு நறுக்கிய முப்பத்திரண்டு மீன்கள். அவை வெயில் தாங்காதவை என்றால் எட்டு வருடமும் வீண். யாரோ குஞ்சை மாற்றியிருக்கிறார்கள் என்று நினைப்பது சுலபமாக இருந்தது. போன வருடம் குஞ்சை மினி லாரியில் கொண்டுபோனவன் சின்னதுரையின் தம்பி லோகு.

"வழியில எங்க நிறுத்துன?"

"நாஷ்டாவுக்கு, அண்ணி."

"எவ்ளோ நேரம்?"

"நாலு இட்லி நேரம். அதுக்குள்ள எவனாவது மாத்திட்டான்னா, அவனுக்குத்தான் நம்ம குஞ்சு மேல நம்பிக்கை. உனக்கு இல்ல."

அவள் சிரிக்கவில்லை. மறுநாளே வெப்பமானியுடன் பஸ் ஏறி ஆர்.கே.பேட்டை போனாள். ஆதிநாராயணன் எதையோ மறைக்கிறார் என்றுதான் போனாள். இடுப்பளவுக் குட்டை, போர்வெல் இல்லை, நிழல் இல்லை. முழங்கால் ஆழத்தில் முப்பத்தெட்டு டிகிரி. 'எங்கள் குளமும் இதே சூடுதானே' என்று நினைத்துக்கொண்டே திரும்பினாள்.

அடுத்த மத்தியானம் தீவனப் பைக்குப் பக்கத்தில் வெப்பமானியை இறக்கினாள். முப்பத்தொன்று. வெப்பமானி கெட்டுவிட்டது என்று லோகுவை அனுப்பி வேறு வாங்கிவரச் சொன்னாள். அதுவும் முப்பத்தொன்று. கரையோடு நடந்து எதிர்மூலையில் இறக்கினாள். முப்பத்தெட்டு.

பைக்கு நான்கடி தள்ளி போர் குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. கோடையில் தண்ணீர் வற்றாமலிருக்க மத்தியானம்தோறும் அவளே திறந்துவிடுவது. அங்கே பை கட்டியதற்குக் காரணம் மோட்டார் கொட்டகை. உட்கார்ந்து மீனைப் பார்க்க அங்கேதான் நிழல். தனக்கு வெயில் படாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு, வெயில் தாங்கும் மீனைத் தேடியிருக்கிறாள். எட்டு வருடமாக அவள் துடுப்பு நறுக்கியது, குளிர்ந்த தண்ணீருக்கு முந்தி வந்த மீன்களை.

தாய்க் குளத்திலும் இதே போர் தண்ணீர்தான் விழுந்தது; அந்தக் குழாயை மூடினாள். தாய்க் குளத்தின் எதிர்மூலையில் கழியை நட்டாள். பசிக்காக வந்துவிடக் கூடாது என்று காலைத் தீனியை வழக்கம்போலப் போட்டாள். முதல் இரண்டு நாள் ஒரு மீனும் வரவில்லை. மூன்றாம் நாள் மூன்று வந்தன. நான்காம் நாள் இரண்டு பெரிய மீன்கள் வயிறு மேலாக மிதந்தன.

"குழாயைத் தொற அண்ணி, எல்லாமே போயிடும்" என்றான் லோகு.

அவள் கை வால்வுக்குப் போனது. அங்கேயே நின்று பையைப் பார்த்தாள். ஐந்து மீன்கள் பையை முட்டிக்கொண்டிருந்தன. கையை எடுத்துவிட்டாள். மூன்றரை மணிக்கு அந்த ஐந்தையும் பிடித்து இடது துடுப்பையும் நறுக்கிய பிறகுதான் குழாயைத் திறந்தாள். இரண்டு ஆண், மூன்று பெண். மறுநாளும் அதற்கடுத்த நாளும் பிற்பகலில் மறுபடி மூடி, வந்தவை அதே ஐந்துதானா என்று பார்த்தாள். அதே ஐந்துதான்.

பத்தாம் நாள் ஆதிநாராயணனுக்கு போன் செய்தாள்.

"உங்க மேல தப்பில்லீங்க. என் மீனு சீக்கிரம் வளரும், அவ்ளோதான். வெயில் தாங்காது. ஆடிக்கு எங்கிட்ட குஞ்சு வாங்க வேணாம்னு மச்சான்கிட்ட சொல்லிடுங்க."

"எல்லாமே போச்சா?"

"அஞ்சு தாங்குது. நெஜமான்னு தெரியாது. அதுங்களோட குஞ்சை அடுத்த மே மாசம் உங்க குட்டையில விட்டுப் பாக்கணும். குடுப்பீங்களா?"

"வுட்டுக்கோ. தீனிப் பையை நான் கட்டிக்கறேன், நீ அங்கேர்ந்து வர வேணாம்."

"இல்லீங்க, நானே வந்து கட்டறேன்."

"ஏம்மா, என்னை நம்ப மாட்டியா?"

"மாட்டேங்க" என்றாள் ரோசம்மாள்.