கழுவி வைத்த கயிறு

ஆயுத பூஜைக்கு எதையெல்லாம் கழுவ வேண்டும் என்று அம்மா வருடா வருடம் சொல்வாள். எதைக் கழுவக் கூடாது என்று ஒரு வருடமும் சொன்னதில்லை. ஆகவே நான் செய்ததை முழுத் தப்பு என்று இன்றுவரை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. செங்கம் ரோட்டை ஒட்டிய சந்தில் வாடகை வீடு. பக்கத்துத் தெருவில் வெளியூர்க்காரர்களும் வெள்ளைக்காரர்களும் தங்கும் விடுதி ஒன்றை அப்பா பார்த்துக்கொண்டார். அறையைக் காலி செய்கிறவர்கள் விட்டுப் போகும் சாமான்களில் பாதி எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். யோகா செய்கிற ரப்பர் பாயின் மேல் பழைய வேட்டியை விரித்து அம்மா வடாம் பிழிவாள். யாரோ மலையேற வைத்திருந்த கம்பை வைத்துப் பரணிலிருந்து பாத்திரம் தள்ளுவாள். அப்படி வந்து சேர்ந்ததுதான் அந்த ஸ்கிப்பிங் கயிறு.

கடையில் தொங்குகிற பிளாஸ்டிக் கயிறு இல்லை. தோல் கயிறு, இரண்டு முனையிலும் மரப்பிடி. அப்பா அதை எனக்கென்றுதான் கொண்டுவந்தார். நான் இரண்டு நாள்கூட ஆடியிருக்க மாட்டேன், மாமா வாங்கிக்கொண்டார். அம்மாவின் தம்பி அவர். போலீஸ் வேலைக்குத் தயாராவதற்காக அந்த வருடம் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார்.

எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டார். ஓட்டத்திலும் குறையில்லை. விடியற்காலையில் கிரிவலப் பாதையில் கிளம்பினால் அடி அண்ணாமலை வழியாக மலையை ஒரு சுற்று ஓடி வந்துவிட்டு, அம்மாவிடம் காபி கேட்பார். குறை உயரத்தில் இருந்தது. நூற்று எழுபது சென்டிமீட்டர் வேண்டும். மாமா நூற்று அறுபத்தொன்பதரை. வயதுக் கணக்குப்படி அவருக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. தாண்டிக் குதித்தால் உயரம் கூடும் என்று மைதானத்தில் எவரோ சொல்லிவிட, காலையில் ஐந்நூறு, மாலையில் ஐந்நூறு என்று மொட்டைமாடி அதிர ஆரம்பித்தது.

கயிற்றை எப்படி வைத்துக்கொள்வது என்று கேட்கத் தேரடிப் பக்கம் செருப்பு தைக்கிறவரிடம் மாமா போனபோது நானும் கூடப் போனேன். அவர் கயிற்றை விரலில் சுற்றிப் பார்த்தார், மோந்தும் பார்த்தார்.

"நல்ல தோலுங்க. தண்ணி ஆகாது, வெயில் ஆகாது. வெயில்ல போட்டீங்கன்னா அப்பளமாட்டம் ஆயிடும். மாசத்துக்கு ஒரு வாட்டி ரெண்டு சொட்டு வெளக்கெண்ண தடவுங்க. ஜாஸ்தி வேணாம், எலி இழுத்துட்டுப் போயிடும்."

அன்றிலிருந்து அந்தக் கயிறு எங்கள் வீட்டில் மாப்பிள்ளை ஆகிவிட்டது. ஆடி முடித்ததும் காய்ந்த துணியால் நுனியிலிருந்து நுனி வரை துடைப்பார். பிடியில் சுற்றி வைக்க மாட்டார், மடிப்பு விழுந்துவிடுமாம். வெயில் எட்டாத சுவரில் உயரமாக ஓர் ஆணி அடித்து, இரண்டு பிடியையும் அதில் மாட்டி, கயிறு நெளியாமல் தொங்குகிறதா என்று தள்ளி நின்று பார்ப்பார். வெறும் சிமென்ட்டில் அடித்தால் தேய்ந்துவிடும் என்று ரப்பர் பாயையும் கைப்பற்றிக்கொண்டார். அந்த வருடம் எங்கள் வீட்டில் வடாமே இல்லை. அம்மாவுக்கு அந்தக் கோபம் உண்டு, ஆனாலும் தம்பி அல்லவா, பொறுத்துக்கொண்டாள்.

மாதப் பிறப்பன்று அளவெடுப்போம். மாமா கதவு நிலையில் முதுகை ஒட்டி நிற்பார். நான் ஸ்டூலில் ஏறி, அவர் தலைமேல் என் பள்ளிக்கூட ஸ்கேலைப் படுக்க வைத்து, நன்றாகச் சீவிய பென்சிலால் கோடு போடுவேன். பிறகு எனக்கு எதிர் நிலையில் அவர் போடுவார். "ஏறியிருக்குதா பாப்பா?" என்று கேட்பார். ஏறின மாதிரிதான் எனக்கும் தெரியும்.

ஆயுத பூஜை வந்தது. சர்டிபிகேட் ஏதோ வாங்கவேண்டும் என்று மாமா ஊருக்குப் போயிருந்தார். அம்மா அரிவாள்மணையையும் கிரைண்டர் கல்லையும் தேய்த்துக் கழுவினாள். அப்பா சைக்கிளைக் குளிப்பாட்டினார். அவரவர் தொழிலுக்கு ஆகிற சாமானைச் சாமி முன்னால் வைக்க வேண்டும் என்றால் மாமாவுடையது எங்கே? யோசிக்க யோசிக்க எனக்குப் பகீரென்றது. கயிறு சாமி கண்ணிலேயே படாவிட்டால் வேலை எப்படிக் கிடைக்கும்?

ஆணியிலிருந்து எடுத்தேன். சோப்புத் தூள் கரைத்த பக்கெட்டில் காலை முழுக்க ஊறப் போட்டேன். தேங்காய் நாரால் தேய்த்தேன். டீத் தண்ணி மாதிரி அழுக்கு வரவர எனக்கு ஒரே பெருமை. மாடிக் கொடியில் நீளமாகப் போட்டால் தரையில் புரளும் என்று நாலாக மடித்து, இரண்டு கிளிப் மாட்டினேன். வெயில் நன்றாகக் காய்ந்தது. செருப்பு தைக்கிறவர் சொன்னது எனக்கு மறந்துபோகவில்லை. பூஜைக்கு என்றால் அதெல்லாம் செல்லாது என்று நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

சாயங்காலம் மரப்பிடி இரண்டிலும் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டேன். பொரி கடலைத் தட்டுக்குப் பக்கத்தில் கயிற்றைப் பார்த்த அம்மா, "மாமன் மேல எவ்ளோ பாசம் பாருங்க இவளுக்கு" என்று அப்பாவிடம் சொன்னாள். நான் கண்ணை மூடி அரை சென்டிமீட்டர்தான் கேட்டேன். அதற்கு மேல் ஆசைப்படவில்லை.

மறுநாள் காலையில் மாமா வந்தார். சந்தனம் வைத்த பிடிகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மாடிக்குப் போனார். நான் எண்ணுவதற்காகப் பின்னால் ஓடினேன். கயிற்றை உதறினார். அது மடித்த மடிப்பிலேயே நின்றது. ஆடினால் சரியாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, குதிக்க ஆரம்பித்தார். நான் ஒன்பது எண்ணினேன். கயிறு இரண்டாக அறுந்து ஒரு துண்டு என் காலடியில் வந்து விழுந்தது.

மாமா பாயில் உட்கார்ந்து அறுந்த முனையைத் தடவிப் பார்த்தார்.

"கழுவினியா?"

"சோப்புப் போட்டு மாமா."

"வெயில்ல வெச்சியா?"

"நல்லா."

தலையை ஆட்டிக்கொண்டார். விஷயம் தெரிந்து அம்மா கரண்டியோடு மேலே வந்தாள். தலையில் ஒரு குட்டும் விழுந்தது. அடுத்த குட்டு விழுவதற்குள் மாமா என்னை இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "விடுக்கா. சாமிகிட்டதானே வெச்சா" என்றார்.

இரண்டு வாரம் கழித்து வேலூரில் ஆள் எடுத்தார்கள். முதல் பஸ்ஸுக்குப் போனவர், நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீட்டில் இருந்தார். சட்டையை மாற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அளவுலயே அனுப்பிட்டாங்கக்கா, ஓடவே விடல. அரை சென்டிமீட்டர் கம்மி" என்று அம்மாவிடம் சொன்னார். பிறகு, "ரெண்டு வாரமா கயிறு இல்ல பாரு, அதான். இருந்திருந்தா வந்திருக்கும்" என்றார். அப்பா, "ஆமா, ஆமா, வந்திருக்கும்" என்றார்.

நான் மாடித் தண்ணித் தொட்டிக்குப் பின்னால் போய் அழுதேன். ஒரு மனிதனுடைய வேலையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டோம் என்று நினைத்தால் அழாமல் என்ன செய்வது?

அந்த வாரமே மாமா என்னையும் அறுந்த கயிற்றையும் தேரடிக்கு அழைத்துப் போனார். செருப்பு தைக்கிறவர் விறைத்துப்போன இடத்தையெல்லாம் வெட்டி எறிந்தார். மிச்சத்தை விளக்கெண்ணெய் போட்டுப் பதமாக்கி, பிடியோடு சேர்த்துத் தைத்தார். நீளம் நன்றாகக் குறைந்துவிட்டது. மாமா அதை என் தோளோடு வைத்து அளந்து, "உன் உசரத்துக்குச் சரியா இருக்குது" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம், அதை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று என்னை ஒப்பிக்கச் சொன்னார். ஒப்பித்தேன். ஒன்றுகூட விடவில்லை.

மாமா பிறகு கார் ஓட்டப் பழகினார். விடுதிக்கு வருகிறவர்களை விமான நிலையத்துக்கும் பக்கத்துக் கோயில்களுக்கும் அழைத்துப் போகிறார். சொந்தமாக இரண்டு வண்டி இருக்கிறது. யார் வீட்டுக் கல்யாணத்தில் என்னைப் பார்த்தாலும், பக்கத்தில் இருப்பவரிடம், "இவ கயித்தக் கழுவாம இருந்திருந்தா நான் இந்நேரம் இன்ஸ்பெக்டர்" என்பார். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்லூரியில் படிக்கும்போது ஒரு தடவை, "இன்னும் எத்தன வருஷத்துக்கு மாமா இத சொல்லுவீங்க?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டேன். மாமா எழுந்து வெளியே போய்விட்டார். அம்மா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. ஏன் என்று அப்போதும் எனக்குப் புரியவில்லை.

போன வருடம் அந்த வீட்டைக் காலி செய்தோம். மாமா வண்டி கொண்டுவந்திருந்தார். பீரோவை நகர்த்தியபோது அதன் பின்னால் மறைந்திருந்த, எப்போதோ அடைத்துவிட்ட கதவின் நிலை தெரிந்தது. வலது பக்கம் என் கோடுகள் படிக்கட்டு மாதிரி ஏறிப் போயிருந்தன. இடது பக்கம் மாமாவுக்கு ஏழு மாதம் போட்ட ஏழு கோடுகள். தேடிப் பார்த்தேன், ஏழு இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து, ஒரே ஒரு தடித்த கோடாக இருந்தது.

மாமாவும் பின்னால் வந்து நின்று பார்த்தார். பென்சில் மழுங்கக் கூடாது என்று ஒவ்வொரு மாதமும் சீவித் தந்தவர் அவர். தலைமேல் ஸ்கேல் படும்போது மூச்சுவிடாமல் நின்றவர். கயிறு இருந்திருந்தாலும் அந்தக் கோடு ஏறியிருக்காது என்பது அவருக்கு எப்போது தெரிந்ததோ, எனக்குத் தெரியாது. வேலூரிலேயே தெரிந்திருக்கலாம். கயிறு அறுந்து போச்சு என்று சொல்லிவிட்டு நாலு பேரோடு சேர்ந்து சிரிக்கலாம். உயரம் போதவில்லை என்று சொல்லிவிட்டு எங்கே போவது? அவர் என்னைக் குற்றம் சொல்கிறார் என்றே இத்தனை வருடம் கோபித்துக்கொண்டிருந்தேன். தண்ணித் தொட்டிக்குப் பின்னால் அழுத பிள்ளைக்குத்தான் தெரியாது, கல்லூரிக்குப் போனவளுக்கும் தெரியவில்லை.

"நான் கழுவாம இருந்திருந்தா வந்திருக்கும் இல்ல மாமா?" என்று கேட்டேன்.

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பின்ன? அரை சென்டிமீட்டர்தானே" என்றார். ஆணியிலிருந்து என் கயிற்றை எடுத்து, மடங்காமல் தோளில் போட்டுக்கொண்டு, வண்டிக்கு நடந்தார்.