கவரிங் செயினும் கல்லூரிக் கட்டணமும்

டெல்லி மயூர் விஹாரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் துணி தேய்க்கிறேன். படித்தது ஐந்தாம் வகுப்பு. துணியை வாங்கும்போதும் கொடுக்கும்போதும் தலையாட்டுவதோடு சரி. பேச்சு வார்த்தை எல்லாம் என் மனைவிதான்.

என் மகளுக்கு டெல்லியிலேயே ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. இடம் கிடைத்தது. முதல் பருவக் கட்டணத்தை எப்படியோ கட்டிவிட்டோம். அடுத்ததற்கு வழியில்லை. கட்டணச் சலுகை கிடைத்தால் கல்லூரி, இல்லாவிட்டால் தபாலில் படிப்பது என்று அவளே முடிவு செய்து வைத்திருந்தாள். கைப்பேசியிலேயே விண்ணப்பித்தாள். பெற்றோரில் ஒருவரோடு நேரில் வரச் சொன்னார்கள். மனைவிக்கு வேலை செய்யும் வீட்டில் லீவு தரவில்லை. நான் போக வேண்டியதாயிற்று.

என் சட்டையையும் அவள் சுடிதாரையும் மடிப்புக் கலையாமல் தேய்த்து வைத்தேன். கிளம்பும்போது மனைவி மறித்தாள்.

"ஏய், நில்லுடி. நல்ல காரியத்துக்கு வெறுங்கழுத்தோடவா போவாங்க?"

ஊரில் வாங்கிய கவரிங் செயினையும் ஜிமிக்கியையும் மாட்டிவிட்டாள்.

"அம்மா, கல்யாணத்துக்கா போறோம்? ஃபீஸைக் குறைங்கன்னு கேக்கப் போறோம்."

"கேக்கப் போனா பிச்சைக்காரி மாதிரி போவணுமா? யாரு கேட்டாலும் கவரிங்னு மட்டும் சொல்லிடாத. மானம் போயிடும்."

அறையில் மூன்று ஆசிரியர்கள். நடுவில் இருந்த மேடம் எங்கள் காகிதங்களைப் பார்த்தார். என் சட்டை மடிப்பைப் பார்த்தார். பிறகு மகளின் கழுத்தைப் பார்த்தார்.

"மகள் கழுத்தில் இவ்வளவு தங்கம். கட்டணத்துக்கு மட்டும் பணமில்லையா?" என்று இந்தியில் கேட்டார்.

இந்தியில் பொரிந்து தள்ளுகிற என் மகள், தன் அம்மா சொல்லுக்குக் கட்டுப்பட்டு வாயைத் திறக்கவில்லை. முகம் மட்டும் சிவந்துவிட்டது. அந்த மேடம் பேனாவை மூடி, எங்கள் காகிதங்களை ஓரமாக நகர்த்தினார்.

"மேடம், தங்கமில்லை. நக்லி," என்றேன்.

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. நல்ல காரியத்துக்குப் பெண்ணை வெறுங்கழுத்தோடு அனுப்பமாட்டோம், இவள் அம்மா போட்டு அனுப்பினாள், நக்லி என்று சொல்லக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினாள், சட்டை இப்படி இருப்பது நான் பிரஸ்வாலா என்பதால்தான் என்று என் இந்தியில் சொல்லி முடித்தேன். "இவள் மார்க் ஷீட் அதில் இருக்கிறது. ஒரு தடவை பாருங்கள் மேடம்."

ஓரத்தில் இருந்த ஆசிரியர் சிரித்துவிட்டார். "அண்ணா, எங்கே வாங்கினீர்கள்? அசல் மாதிரியே இருக்கிறதே!"

மேடமும் சிரித்தார். காகிதங்களைத் திரும்ப இழுத்து மார்க் ஷீட்டைத் தேடி எடுத்தார்.

வெளியே வந்ததும் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, உனக்கு இவ்ளோ இந்தி தெரியுமா!"

"அம்மாகிட்ட சொல்லிடாத."

"எத? நீ பேசினதையா, கவரிங்னு சொன்னதையா?"

"ரெண்டையும்தான்."

சில வாரம் கழித்து, கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி என்று செய்தி வந்தது. நான் துணி தேய்க்கும் மேசையருகே நின்று மகள் உரக்கப் படித்தாள். மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"பாத்தீங்களா? வெறுங்கழுத்தோட போயிருந்தா குடுத்திருப்பாங்களா?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் வழக்கம்போலத் தலையாட்டினேன்.

ஆனால் அன்று சாயங்காலம் துணி வாங்க வந்த ஒவ்வொருவரிடமும், யாரும் கேட்காமலே சொன்னேன்: "என் பொண்ணு காலேஜ்ல பி.எஸ்சி. படிக்கிறா."