கேட்க எழுபது நாள்

மலேசியாவில் பீடோருக்குப் பக்கத்தில் உள்ள செம்பனை எண்ணெய் ஆலையில் பத்துமலை பத்தொன்பது வருடமாக ஷிப்ட் சூப்பர்வைசர். ஆலை நிற்கும் இடத்தில் முன்பு ரப்பர் தோட்டம் இருந்தது. அந்தத் தோட்டத்து லயத்து வீடொன்றில்தான் அவர் பிறந்தார். நாற்பத்தாறு வயதுவரை தமிழும் மலாயும் அவருக்குப் போதுமானதாக இருந்தன. மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவை போதாமல் போயின.

கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய பாபுல் விஷவாயுவில் மயங்கி விழுந்தான். மேலே நின்ற மொயினுல் கயிற்றோடு ஏணியில் கால் வைப்பதைத் தூரத்திலிருந்து பத்துமலை பார்த்தார்.

"ஜாங்கான் மாசோக்! ஜாங்கான் மாசோக்!" உள்ளே போகாதே என்று மலாயில் கத்திக்கொண்டே ஓடினார்.

மொயினுல் ஒரு கணம் திரும்பிப் பார்த்தான். பிறகு இறங்கிவிட்டான். பாபுலின் இடுப்பில் கயிற்றைக் கட்டினான். மேலே இருந்த சலீம் இழுத்தான். பாபுல் பிழைத்தான். மொயினுலை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை.

மூவரும் வங்காளதேசத்துக்காரர்கள். மொயினுல் வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. புதிதாக வருகிறவர்களின் காதில் முதலில் விழுகிற மலாய்ச் சொல் 'மாசோக்', உள்ளே போ. வேலைக்கு மாசோக், லாரிக்குள் மாசோக். 'ஜாங்கான்' என்ற மறுப்பு தெரியாமல் 'மாசோக்' மட்டும் அவனுக்குப் புரிந்திருந்தால்? அவனைத் தொட்டிக்குள் அனுப்பியதே தன் குரல்தானோ?

விசாரிக்க வந்த அதிகாரிகள் இதைக் கேட்கவில்லை. பத்துமலையும் யாரிடமும் சொல்லவில்லை, மனைவி துளசியிடம்கூட. பதில் தெரிந்தவன் சலீம் ஒருவன்தான். அவனுக்கு இருந்த அரைகுறை மலாயில் இந்தக் கேள்வி அடங்காது. நடுவில் மூன்றாவது ஆளை வைத்துக் கேட்கவும் பத்துமலைக்குத் துணிவில்லை.

எழுபது நாளில் அடுத்த துப்புரவுக்காகத் தொட்டியைத் திரும்பவும் திறக்க வேண்டும். வங்காளதேசத்திலிருந்து புதிதாகப் பன்னிரண்டு பேர் வரப்போகிறார்கள். "அவங்க பாஷையிலேயே நான் பேசிக்கிறேன்" என்று மேனேஜர் ஸ்கந்தராஜாவிடம் சொன்னார். அவர் சிரித்தார்.

ஒரு நாளைக்கு நாற்பது சொற்கள் என்று வைத்துக்கொண்டார். சலீம் போனில் பேசிப் பதிவு செய்து தருவான். காரில் அதுதான் ஓடும். இடது கையில் முழங்கைவரை பேனாவால் எழுதிக்கொள்வார். வியர்வையில் அழிவதற்குள் மனப்பாடம் ஆக வேண்டும். மதியச் சாப்பாடு வங்காளதேசத்துத் தொழிலாளர்கள் தங்கும் கொங்சியில்தான். மலாயில் பேசினால் யாரும் பதில் சொல்லக்கூடாது என்று அவரே கட்டளை போட்டிருந்தார். முதல் வாரம் தண்ணீர் கேட்கத் தெரியாமல் விக்கலோடு உட்கார்ந்திருந்தார். நாற்பதாம் நாள் அவர்களுடைய கேலியில் கலந்துகொண்டார்.

வீட்டில் துளசிக்குப் பயம் வந்துவிட்டது. "சோத்துல கைய வெச்சிக்கிட்டு என்னாங்க முணுமுணுக்கிறீங்க? பாதியா எளச்சிப் போயிட்டீங்க லா. எதுக்கு இந்தப் பாடு?"

"வேலைக்கு வேணும்," என்றார்.

ஒரு விஷயம் அவரை உறுத்தியது. வங்காள மொழியிலும் தமிழைப் போல மறுப்பு கடைசியில்தான் வருகிறது. 'பிதொரே ஜெயோ நா', உள்ளே போகாதே. முன்பாதி மட்டும் காதில் விழுந்தால் 'உள்ளே போ' என்றுதான் அர்த்தம். அதனால் 'தாமோ', நில், என்ற ஒற்றைச் சொல்லைத் தேர்ந்துகொண்டார்.

அறுபத்தொன்பதாம் நாள் காலை பன்னிரண்டு பேரையும் நிற்கவைத்து முக்கால் மணி நேரம் வங்காள மொழியில் பேசினார். தடுமாறினார், ஆனால் நிறுத்தவில்லை. அவர்கள் இடையிடையே கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னார். எல்லாரும் கலைந்தபின் சலீமை மட்டும் நிறுத்தி, அவன் மொழியிலேயே கேட்டார்.

"அன்னைக்கு நான் கத்தினது மொயினுலுக்குப் புரிஞ்சுதா?"

சலீம் தலையை ஆட்டினான்.

"புரிஞ்சுது. 'போகாதேன்னு சொல்றாரு'ன்னு என்கிட்ட சொன்னான். 'அவர் வந்து சேர்றதுக்குள்ள பாபுல் செத்துடுவான்'னு சொல்லிட்டுத்தான் எறங்கினான்."

பத்துமலை பக்கத்தில் இருந்த டின்மேல் உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கும் என்றுதான் நினைத்திருந்தார்; இறங்கவில்லை. சலீம் இன்னும் முடிக்கவில்லை.

"நாளைக்கு எவனாவது விழுந்தா நானும் எறங்குவேன். நீங்க எந்தப் பாஷையில கத்தினாலும்."

பத்துமலை எழுந்து போய்த் தொட்டி மூடியைப் பூட்டினார். சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனார்.

"ஆளை மேல தூக்குற கப்பி, சுவாசக் கருவி, வாயு மீட்டர். இது மூணும் வராம தொட்டியத் திறக்க மாட்டேன் சார்."

"நாளைக்குத் துப்புரவு, பத்துமலை. தள்ளிப் போட்டா ஆலையை நிறுத்த வேண்டி வரும். நிலைமை தெரியுமா உமக்கு?"

"தெரியும் சார்."

"சாவியைத் தாரும்."

"தர மாட்டேன்."

ஸ்கந்தராஜா கையை நீட்டியபடியே இருந்தார். வேலை போனால் இந்த வயதில் எங்கே போவது என்ற எண்ணம் பத்துமலைக்குள் ஓடியது. கடைசியில் மேனேஜர் கையை மடக்கிக்கொண்டு போனை எடுத்தார். ஆலை நான்கு நாள் நின்றது. பத்துமலைக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஈப்போவிலிருந்து கருவிகளும் வந்தன.

தொட்டியைத் திறந்து, கப்பிக் கயிற்றில் ஒருவனை இறக்கி இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது, மீட்டர் அலறியது. உள்ளே இருந்தவன் முகமூடியோடு திகைத்து நின்றான். மேலே சலீமின் கால் அவனையறியாமல் ஏணிப் பக்கம் நகர்ந்தது.

"தாமோ!"

சலீம் நின்றான். பத்துமலையும் அவனும் சேர்ந்து கப்பியின் கைப்பிடியைச் சுற்றினார்கள். ஆள் மேலே வந்து, முகமூடியைக் கழற்றி, தண்ணீர் கேட்டான். பத்துமலை போய் எடுத்துவந்து கொடுத்தார்.