நரசீபுரம் ரோட்டு லாரி

மைசூர் லட்சுமிபுரத்தில் வக்கீல் நஞ்சுண்டசாமி வீட்டில் மாதம்மா வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. அதற்குள் வக்கீல் சுதந்திரத்தைப் பற்றி எத்தனை மேடையில் பேசினார் என்று அவருக்கே ஞாபகமில்லை. மாதம்மா எத்தனை நாள் லீவு எடுத்தாள் என்பது மட்டும் அவர் பெண்சாதி சுலோசனாவுக்கு விரல் நுனியில் இருந்தது. மொத்தம் மூன்றே நாள். ஒரு நாள் புருஷன் செத்ததற்கு, மற்ற இரண்டும் மகள் கல்யாணத்துக்கு. அதையும் அந்த அம்மாள் வாரம் ஒரு தரம் சொல்லிக் காட்டாமல் இருந்ததில்லை.

மாதம்மாவுக்கு ஊர் கொள்ளேகாலுக்கு அப்பால் ஹனூர். வக்கீலின் முன்னோர் கொள்ளேகாலில் பட்டு நூல் வியாபாரம் செய்தவர்கள். அதனால் வீட்டில் தமிழ், மேடையில் கன்னடம், கோபம் வந்தால் இங்கிலீஷ். மாதம்மாவுக்கு ஒரே பாஷைதான். அந்த ஒரே பாஷையில் அவள் ஆடி மாதத்தில் ஒரு நாள் தயங்கித் தயங்கி லீவு கேட்டாள். மகள் பஞ்சவர்ணம் முழுகாமல் இருந்தாள். புரட்டாசியில் பிரசவம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? தாய்வீட்டுக் கூரை ஹனூரில் இருந்தது, மகளும் வந்து சேர்ந்துவிட்டாள், தாயைத்தான் காணோம். தங்கை லிங்கம்மா ஒருத்தி எத்தனை நாளைக்குச் சமாளிப்பாள்?

வக்கீல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நாடே பிரசவ வேதனைல துடிச்சிட்டிருக்கு மாதம்மா. உன் மகளுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கில்ல? சுதந்திரம் வரட்டும். மறுநாளே நீ புறப்படு."

சரியென்று மாதம்மாவும் சுதந்திரத்துக்காகக் காத்திருந்தாள். அந்தத் தெருவிலேயே அவளைப் போல உண்மையாகக் காத்திருந்தவர் வேறு யாருமில்லை என்று சத்தியம் செய்யலாம். ஆகஸ்டு பதினைந்தும் வந்தது. அறுபது பேருக்கு அவள் பாயசம் காய்ச்சினாள். மறுநாள் காலை துணி மூட்டையோடு கூடத்தில் வந்து நின்றாள்.

"எங்கே கெளம்பிட்டே?" என்றார் வக்கீல்.

"சுதந்திரம் வந்திருச்சுங்களே, எசமானுங்க."

"அடடே, அது டில்லிக்கு வந்தது. மைசூருக்கு எங்கே வந்தது? அரண்மனை இன்னும் பொறுப்பாட்சி குடுக்கலையே, அதிகாரமெல்லாம் ராஜா கையிலதானே இருக்கு. அதுக்குத்தான் இனிமே போராட்டமே."

மாதம்மா யோசித்தாள். "எங்க ஊருக்கு வந்திருச்சுங்களா?"

"ஹனூரா? அது மெட்ராஸ் மாகாணம். அங்கே வந்தாயித்து."

"அப்ப எனக்கு வந்திருச்சுங்க."

"நீ இருக்கிறது மைசூர்ல" என்று சட்டத்தைச் சொல்லிவிட்டு, வக்கீல் பேப்பரைப் பிரித்தார்.

மூட்டை திரும்ப அடுக்களை மூலைக்குப் போனது. போடா நீயுமாச்சு, உன் வேலையுமாச்சு என்று போயிருக்கலாமே என்று கேட்பவர்கள் வயிறு காயாதவர்கள். அவள் போனால் மறுநாளே வேறொருத்தி அந்த அடுப்படியில் நிற்பாள். ஹனூரில் இருக்கிற வயிறுகளுக்கு இந்த அடுப்புதான் கதி.

வக்கீலுக்குச் சுதந்திரம் என்றால் மந்திரி நாற்காலி. அதில் உட்காருவதற்கென்றே புதுக் கோட்டுக்கு அளவு கொடுத்திருந்தார். சுலோசனாவுக்கு அது ரேஷன் இல்லாத சர்க்கரை. மாதம்மாவுக்கோ ஹனூரில் ஒரு மாசம் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. மூன்றில் சின்னது அதுதான்.

செப்டம்பரில் போராட்டம் சூடு பிடித்தது. கடைகள் அடைபட்டன, பஸ்கள் நின்றன. ஜெயில் நிரம்பி வழிந்ததால், போலீசார் பிடித்தவர்களை லாரியில் ஏற்றி, ஊருக்கு வெகுதூரம் கொண்டுபோய்க் காட்டோரத்தில் இறக்கிவிட்டு வந்தார்கள். நடந்தே திரும்பட்டும், கால் வலித்தால் கோஷம் குறையும் என்பது அவர்கள் கணக்கு. அப்படித் திரும்பியவர்கள் கொப்புளக் காலோடு வக்கீல் வீட்டுக்கு வந்து மோர் குடிப்பார்கள். வக்கீலும் போயிருப்பார்தான். ஆனால் ஊர்வல நாள் பார்த்து அவருக்கு மூட்டுவலி வந்துவிடும்.

"எங்களைக் கொள்ளேகால் எல்லையில இல்லே விட்டுட்டான், பாவி!" என்றார் ஒருத்தர் மோரை உறிஞ்சியபடி.

செம்பைப் பிடித்திருந்த மாதம்மாவின் கை நின்றுவிட்டது. அட, வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோமே! பஸ் இல்லாவிட்டால் என்ன, சர்க்கார் லாரி இருக்கிறது. நாட்டுக்காகப் பிடிபட்டவளை வேலைக்கு வரவில்லை என்று வக்கீல் எப்படிக் கேட்பார்?

மறுநாள் காய்கறி வாங்க தேவராஜ மார்க்கெட்டுக்குப் போனவள் கூடையோடு ஊர்வலத்தில் புகுந்தாள். "ஜவாப்தாரி சர்க்கார் பேக்கு!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். பொறுப்பாட்சி வேண்டும் என்று அர்த்தமாம். எதுவாக இருந்தால் என்ன, லாரி வந்தது, முதல் ஆளாக ஏறிக்கொண்டாள். பாழாய்ப் போன லாரி ஹுன்சூர் ரோட்டில் போனது. கொள்ளேகால் கிழக்கே, ஹுன்சூர் மேற்கே! ஏறுமுன் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை. யானைக் காட்டோரம் இறங்கி மறுநாள் மத்தியானம் வரை நடந்து லட்சுமிபுரம் வந்து சேர்ந்தாள்.

வக்கீல் அவள் கழுத்தில் மல்லிகை மாலை போட்டார். "நம்ம வீட்டுலேருந்து ஒரு ஆள் போயாச்சு. அது போதும்" என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். சுலோசனா, "கூடையை எங்கே போட்டே?" என்று கேட்டாள்.

அந்த வாரமே கொள்ளேகாலிலிருந்து பட்டு மூட்டையோடு வந்த வண்டிக்காரன் சேதி கொண்டுவந்தான். "வயிறு எறங்கிருச்சாம்மா. ஆத்தா எப்ப வரும், எப்ப வரும்னு உன்ற புள்ள வாசல்லயே உக்காந்திருக்குது." மாதம்மா ஆட்டுக்கல்லைக் கட்டிக்கொண்டு அழுதாள். பெற்றவள் உயிரோடு இருந்தும் பிள்ளை அனாதையாகப் பெறுவதா என்று அவளுக்கு நெஞ்சு வெடித்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே மார்க்கெட் முனையில் நின்ற கான்ஸ்டபிள் பசவராஜிடம் போனாள்.

"சாமி, கொள்ளேகால் லாரி என்னைக்குங்க?"

"ஏனம்மா, இது என்ன சர்வீஸ் பஸ்ஸா?" என்று சீறியவர், உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டார். இன்றைக்கு லாரியில் ஏற்றுகிறவர்களில் எவருக்கு அடுத்த மாதம் சல்யூட் அடிக்க வேண்டிவருமோ! பசவராஜுக்குச் சுதந்திரம் என்றால் அந்தப் பயம்தான். "வியாழக்கிழமை, நரசீபுரம் ரோடு. எல்லைக் கல்லு வரைக்கும்."

வியாழக்கிழமை மாதம்மா முன்வரிசையில் நின்றாள். பேப்பர்காரர்கள் போட்டோ எடுக்க வந்திருந்தார்கள். அதனால் வக்கீலுக்கு மூட்டுவலி விட்டிருந்தது. அவரும் வந்து, பழக்கடைக்குப் பின்னால் குடையோடு, போட்டோவுக்கு எட்டும் தூரத்தில், லாரிக்கு எட்டாத தூரத்தில் நின்றார்.

பசவராஜ் கையை விரித்தார். "புது ஆர்டர். தலைவர் இருந்தா எல்லாரையும் ஏத்துவோம். தலைவர் இல்லாத கும்பலை ஏத்தக் கூடாது. எல்லாரும் மனைக்குப் போங்க, ஹோகி, ஹோகி!"

கூட்டம் விழித்தது. தலைவர்கள் எல்லாரும் ஏற்கெனவே ஜெயிலில். காலி லாரி உறுமிக்கொண்டு நின்றது. இன்றைக்கு விட்டால் இனி எந்த வியாழக்கிழமையோ? மாதம்மாவின் கண் பழக்கடைப் பக்கம் போனது.

"இதா நிக்கிறாங்க தலைவரு! எங்க எசமானுங்க! பதினோரு வருசமாத் தலைவருங்க!"

அவ்வளவுதான். "நஞ்சுண்டசாமிக்கு ஜே!" என்று கூட்டம் அவரைத் தோளில் தூக்கிவிட்டது. போட்டோ பெட்டி அவர் பக்கம் திரும்பியது. அதற்கெதிரே மாட்டேன் என்று சொல்ல முடியுமா? சிரித்தபடியே லாரிக்குள் போய் விழுந்தார்.

"உனக்குப் புத்தி இருக்கா?" என்று வழியெல்லாம் பல்லைக் கடித்தார்.

"எல்லாம் உங்க புண்ணியந்தானுங்க, சாமி" என்றாள் மாதம்மா. மனசாரத்தான் சொன்னாள்.

நரசீபுரம் தாண்டி, எல்லைக் கல்லருகே லாரி நின்றது. கல்லுக்கு இந்தப் பக்கம் மைசூர், அந்தப் பக்கம் மெட்ராஸ். எல்லாரையும் இறக்கிவிட்டு லாரி திரும்பியது. கூட்டம் கோஷம் போட்டுக்கொண்டு மைசூரை நோக்கி நடக்கத் தொடங்கியது. வக்கீல் பூட்ஸைக் கழற்றி, வீங்கிய பாதத்தைத் தடவிவிட்டுக்கொண்டே சொன்னார்:

"இந்தா, இதையும் குடையையும் எடுத்துக்கோ. நரசீபுரம் சத்திரத்துல நீ ஒரு ரசம் வெச்சாப் போதும்."

நிமிர்ந்து பார்த்தால், மாதம்மா கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள்.

"ஏய், நான் லீவு குடுக்கலையே!"

"கல்லு வரைக்குந்தானுங்களே உங்க உத்தரவு. கோவிச்சுக்காதீங்க சாமி, என்ற புள்ள வாசல்ல உக்காந்திருக்குது."

"திரும்பி வந்தா வேலை இருக்காது, சொல்லிட்டேன்!"

மாதம்மா கும்பிட்டுவிட்டு நடந்தாள். வக்கீல் ஒரே ஒரு அடி எடுத்து வைத்திருந்தால் அவரும் சுதந்திர மண்ணில் நின்றிருப்பார். பாவம், அது அவருக்குத் தோன்றவில்லை. பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு மேற்கே நடந்தார்.

கொள்ளேகாலில் பஸ் ஓடியது. மறுநாள் காலை ஹனூரில் இறங்கியவளை வாசலில் கண்டதும் பஞ்சவர்ணம், "ஏன் ஆத்தா இத்தனை நாளு?" என்று கட்டிக்கொண்டு அழுதாள். மூன்றாம் நாள் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு பெண் குழந்தை பெற்றாள். தாயும் பிள்ளையும் சுகம்.

அக்டோபரில் மைசூரிலும் பொறுப்பாட்சி வந்தது. வக்கீலுக்கு நாற்காலி கிடைக்கவில்லை. லாரி போட்டோ மட்டும் கண்ணாடிச் சட்டத்தில் கூடத்தில் தொங்கியது. தீபாவளி சமயத்தில் ஹனூருக்கு ஒரு கார்டு வந்தது. தபால்காரரே படித்துக் காட்டினார்: 'மைசூருக்கும் சுதந்திரம் வந்துவிட்டது. நடந்ததை மறந்துவிட்டோம். வேலைக்கு வந்த மூன்று பேரும் நிற்கவில்லை. வீட்டில் போட்டது போட்டபடி கிடக்கிறது. உடனே புறப்பட்டு வரவும்.'

மாதம்மா காலை நீட்டி உட்கார்ந்து பேத்தியைக் கால்மேல் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

"பதில் என்னம்மா எழுத?" என்றார் தபால்காரர்.

"கொழந்தைக்குத் தலை நிக்கட்டும், பொறவு பாக்கலாம்னு எழுதுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த செம்புத் தண்ணீரை மொண்டாள்.