பொன்னுத்தாய்க்கு ஆறு மாதம், எனக்குப் பொறாமை

இன்று காலை நர்ஸம்மா வீட்டு வாசலில்...

நான் அழுதுகொண்டிருந்தேன். உள்ளே நர்ஸம்மா சிரித்துக்கொண்டிருந்தார்!

(எழுதுகிறவள் மூன்றாம் வகுப்போடு நின்றவள். டீச்சர், நம் தெருப் பெண்கள் எழுதிப் படிக்கட்டும் என்று வீடு வீடாக நோட்டைச் சுற்றவிட்டது நீங்கள்தான். தப்பு இருந்தால் திருத்துங்கள், காதைத் திருகாதீர்கள்!)

அடுத்த வீட்டுப் பொன்னுத்தாயும் நானும் இருபது வருடமாக ஒரே பசைச் சட்டியில் கைவிட்டுத் தீப்பெட்டி ஒட்டுகிறவர்கள். அவளுக்கு நாற்பத்துமூன்று, எனக்கு நாற்பத்துநான்கு. அவளுக்கும் பிள்ளை இல்லை, எனக்கும் இல்லை.

பிள்ளை வரம் கேட்டு நாங்கள் சுற்றாத அரசமரம் கிடையாது. (கடைசியில் மரத்துக்கே தலைசுற்றியிருக்கும்.)

போன வருடம்தான் அந்த ஆசையை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டு, முதுமைக்குத் திட்டம் போட்டோம்.

தை பிறந்ததும் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சுவரை உடைத்து ஒரு வாசல் வைப்பது. ஒரே அடுப்பு. ஒருத்தி படுத்தால் மற்றவள் பார்ப்பது. முதலில் போகிறவள் வாயில் மற்றவள் பால் ஊற்றுவது.

"ரெண்டாவதா போறவளுக்கு யாரு ஊத்துவா?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் மதினி, நான் முந்திக்கிடுவேன்" என்றாள். (அப்போதே தெரிந்திருக்க வேண்டும்!)

இந்த நேரத்தில் அவளுக்கு வயிறு உப்ப ஆரம்பித்தது.

மாதாமாதம் வருவது நின்று போயிருந்தது. வயசுதானே என்று நாங்களே தீர்ப்பும் சொல்லிவிட்டோம். எனக்குப் போன வருடமே நின்றுவிட்டது. (அதிலும் நான்தான் மூத்தவள்.)

அப்புறம் ஏன் வயிறு? கட்டி என்று முடிவு செய்தேன். ஒரு மாதம் கஷாயம் போட்டுக் கொடுத்துப் பார்த்தேன். குறையவில்லை. இன்று கம்பெனி ஆர்டரை அப்படியே போட்டுவிட்டு, நம் விஸ்வநத்தத்திலிருந்து நர்ஸம்மா வீட்டுக்கு அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

அவள் உள்ளே, நான் வாசலில். இவள் போய்விட்டால் எனக்கு யார் என்று ஒரு மூச்சு அழுதுகொண்டிருக்கும்போதுதான் அந்தச் சிரிப்பு!

"உள்ள வாங்கம்மா. கட்டிதான். ரெண்டு கையும் ரெண்டு காலும் முளைச்ச கட்டி! ஆறு மாசம். உதைக்குது, தொட்டுப் பாருங்க" என்றார் நர்ஸம்மா.

பொன்னுத்தாய் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். (நம்ம ஊரில் அச்சடித்ததுதான். அதிலும் ஒரு குண்டுக் குழந்தை!)

அழுகை நின்றது. அடுத்துச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும்.

பொறாமை வந்தது.

திரும்பி வருகையில் அவள் கேட்டாள்: "மதினி, ஏதாச்சும் பேசுங்க. கோவமா இருக்கீகளா?"

"கோவமா? எனக்கா? சந்தோசம் தாங்கல!" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று பத்தடி முன்னால் நடந்தேன்.

அப்புறம், வெயிலில் மயங்கி விழுந்துவிடுவாளோ என்று திரும்பி வந்து என் முந்தானையை அவள் தலையில் போட்டேன். (ஒழுங்காகப் பொறாமைப்படக்கூட எனக்கு வரவில்லை!)

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஏங்க, பொன்னுத்தாய்க்கு ஆறு மாசமாம்."

"அப்ப சுவரு?"

அவ்வளவுதான் கேட்டார். எனக்கு மறுபடியும் கண்ணில் தண்ணீர்.

மத்தியானம் பொன்னுத்தாய் வந்து பசைச் சட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

"பயமா இருக்கு மதினி. இதுக்கு இருவது வயசாகயில எனக்கு அறுவத்துமூணு. அதுவரைக்கும் இருப்பனா?"

"ஏன் இருக்க மாட்ட? உனக்குக் கஞ்சி ஊத்த ஆளு வந்தாச்சு. இனி வாசல் எதுக்கு? சுவரு அதுபாட்டுக்கு நிக்கட்டும்."

"என்ன மதினி இப்படிச் சொல்லுதீக? பிள்ள உங்களையும் பாக்கும்."

"என்ன முறையில பாக்கும்? நீ என்னை மதினிங்குற. அது அத்தைங்கும். அத்தை வீட்டுல பொண்ணு இருந்தாலாவது கட்டிக்கிட்டுப் போக வருவான். பொண்ணும் இல்லாத அத்தைய எவன்டி எட்டிப் பாப்பான்?"

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் உள்ளதுதானே? இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று என் வீட்டுக்காரரை அவள் அண்ணே என்றாள், நான் மதினியானேன். ரத்த சொந்தம் கிடையாது. ஆனாலும் முறை வைத்தால் முறைதான், நடுவில் யாரும் மாற்ற மாட்டார்கள். அக்கா என்று கூப்பிட்டிருந்தால் அவள் பிள்ளைக்கு நான் பெரியாத்தா, பாதி ஆத்தா! அத்தை என்றால் விருந்தாளிதானே?

அவள் எழுந்து போனாள். ஜெயித்துவிட்டேன் என்று இருந்தது, ஒரு கால் மணி நேரத்துக்கு. அப்புறம் பார்த்தால் சட்டியில் பசை காய்ந்து கிடக்கிறது, ஒரு பெட்டிகூட ஒட்டவில்லை.

விளக்கு வைக்கிற நேரம். சுவரில் டொக், டொக், டொக்.

உப்பு வேண்டுமென்றாலும் புளி வேண்டுமென்றாலும் நாங்கள் அப்படித்தான் தட்டுவோம். நான் அசையவில்லை.

மறுபடியும் டொக், டொக், டொக். ம்ஹூம்.

"அக்கா!"

யாரைக் கூப்பிடுகிறாள்?

"அக்கா, உங்களத்தான்! கருவாடு இந்த நேரத்துல திங்கலாமா கூடாதா?"

அந்தப் பக்கத்திலிருந்து அவள் வீட்டுக்காரர் பதறினார். "ஏ புள்ள, அவுக உனக்கு அக்கான்னா, நான் இருவது வருசமா தங்கச்சி தங்கச்சின்னு கூப்பிட்டனே, இனி என்னன்னு கூப்பிட?"

"மதினின்னு கூப்பிடுங்க. அந்தப் பேருதான் இப்ப சும்மா கிடக்குல்ல!"

"அப்ப நானும் அவனும் சகலையா?" என்று இந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் வாயைப் பிளந்தார்.

நான் கடப்பாரையை எடுத்து, தை வரைக்கும் பொறுக்காமல், ஒரே ஒரு செங்கலைப் பெயர்த்தேன். ஓட்டை வழியாகப் பார்த்தால் நேராக அவள் வயிறு!

"கருவாட்டை இங்கன குடு. பிள்ளைத்தாச்சிக்கு ஆகாது" என்றேன். (ஆகுமோ ஆகாதோ, எனக்கு ரொம்பப் பிடிக்கும்.)

பொறாமை போய்விட்டதா என்று கேட்காதீர்கள். போகவில்லை. ஆனால் ஒரு கணக்குப் போட்டிருக்கிறேன். பெரியாத்தா என்று முழுசாகச் சொல்ல அந்தப் பிள்ளைக்கு இரண்டு வயதாவது ஆகும். அதுவரைக்கும் முன்பாதியை விழுங்கிவிட்டு என்னையும் வெறும் ஆத்தா என்றுதான் கூப்பிடும். நான் திருத்த மாட்டேன்!

நோட்டு அடுத்துப் பொன்னுத்தாய் வீட்டுக்குத்தான் போகிறது. பரவாயில்லை, அவளுக்குப் படிக்கத் தெரியாது. படித்துக் காட்டுகிறவளே நான்தான்!

கீழே இடம் விட்டிருக்கிறேன். எழுதுங்கள் அம்மாக்களே: கருவாடு நிஜமாகவே ஆகாதா?