ஜெபா இழுத்த மூச்சு

சத்தப் பரிசோதனை அறைக்குள் போனைக் கொண்டுபோகக் கூடாது. அதனால் செய்தி எனக்காக லாக்கரில் காத்திருந்தது. பதினோரு அழைப்புகள், எல்லாம் என் மனைவி ஜெபாவோடு சேர்ந்து இசை வாசிக்கும் ஸ்டெல்லா அக்காவிடமிருந்து. திருப்பி அழைத்தேன். "தம்பி, வண்டிய நீ ஓட்டாத. யாரையாச்சும் கூட்டிட்டு வா," என்றார். மறைமலை நகரிலிருந்து தாம்பரம் வரும்வரை என்ன ஆச்சு என்று நான் கேட்கவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று பிறகு டாக்டர் சொன்னார். என் மனைவிக்கு முப்பத்தொரு வயது.

இந்தப் பள்ளி மலரைப் படிக்கும் உங்களில் பலருக்கு ஜெபா கணக்கு டீச்சர். சனிக்கிழமைகளில் ஸ்டெல்லா அக்கா வீட்டு ஹாலில் மின்விசிறியை நிறுத்திவிட்டு நாலு பேர் வாசிக்க உட்காருவார்கள். டேனியல் அண்ணாவும் முரளியும் வயலின், அக்கா செல்லோ, ஜெபா வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா. மூன்று வருடமாக, நாலு கருவிகளுக்காக எழுதிய ஒரே குவார்ட்டெட்டோடு மல்லுக்கட்டினார்கள். இருநூறு வருடத்துக்கும் மேல் பழையது, சோகம் தொனிக்கும் மைனர் ஸ்கேலில் அமைந்தது.

"சோகமா இருக்கு, ஆனா யாரும் அழலையே," என்று ஜெபாவிடம் ஒருமுறை கேட்டேன்.

"அழ மாட்டாங்க. ஒருத்தர் முடிக்கற வரைக்கும் இன்னொருத்தர் காத்திருந்து, மரியாதையா பேசிப்பாங்க. உள்ள மட்டும் எல்லாருக்கும் பயம். நீங்கல்லாம் பொண்ணு பாக்க வந்தன்னிக்கு எங்க வீடு இருந்துச்சே, அது மாதிரி."

"இதுல நீ யாரு?"

"அவங்க மூணு பேரும் அழகா பேசிட்டிருக்கும்போது, நடுவுல ஒரே சுரத்தைப் பிடிச்சிக்கிட்டு ஒருத்தி பதறிட்டே இருக்கா பாரு, அவதான்."

போன கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வாசித்ததைப் பதிவு செய்தேன். கார் பாகங்களில் வேண்டாத சத்தத்தைக் கண்டுபிடித்து நீக்குவது என் வேலை. பதிவில் அப்படி ஒன்று கேட்டது. ஒவ்வொரு நிறுத்தத்துக்குப் பிறகும், நாலு பேரும் மறுபடி தொடங்குவதற்குச் சற்று முன், ஜெபா மூக்கால் வெடுக்கென்று மூச்சு இழுத்தாள். இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நீக்கினேன். இடம் போதவில்லை என்று மூலப் பதிவையும் அழித்தேன். பெருமையாக ஹெட்போனை அவள் காதில் மாட்டினேன்.

"சூப்பரா கீது சார்," என்றாள். கிண்டலுக்கு மட்டும்தான் அவளுக்கு அந்த மெட்ராஸ் பேச்சு வரும். "நான் எங்க?"

"உன் வயோலா நல்லா கேக்குதே."

"வயோலா கேக்குது. நான் எங்கடா? எங்களுக்கு முன்னாடி நின்னு கை ஆட்ட ஆள் இல்ல, மக்கு. அந்த மூச்ச வெச்சுதான் நாலு பேரும் ஒண்ணா எடுக்கறோம். அதையே தூக்கிட்டியே!" பிறகு சிரித்துவிட்டாள். "விடு. அடுத்த வாட்டி ஒழுங்கா எடு."

அடக்கம் முடிந்ததிலிருந்து அந்த மூச்சைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். அழித்ததை மீட்கும் மென்பொருள் எல்லாம் ஓட்டினேன். போனில் இருந்த வீடியோக்களைத் துருவினேன். பிறந்தநாள் கேக், மின்விசிறி, யாரோ கைதட்டுவது. மூச்சு இல்லை.

முப்பதாம் நாள் ஜெபக்கூட்டத்துக்கு மூவரும் வந்தார்கள். நாலு நாற்காலி போட்டார்கள். "அவ பார்ட்ட யாரும் வாசிக்க வேணாம்," என்றார் டேனியல் அண்ணா. மெதுவான பகுதியை எடுத்தார்கள். மரியாதை அப்படியே இருந்தது, நடுவில் பதற்றம் இல்லை. கேட்க இதமாக இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நடுவில் ஒரு முழு நிறுத்தம் வந்தது. மூன்று வில்லும் தூக்கியபடி நின்றன. மூவரும் பழக்கத்தில் காலி நாற்காலியைப் பார்த்தார்கள். யாரும் தொடங்கவில்லை. முன்வரிசையில் இருந்த நான் மூக்கால் வெடுக்கென்று மூச்சு இழுத்தேன். மூவரும் ஒன்றாக எடுத்தார்கள்.

கிளம்பும்போது ஸ்டெல்லா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கொஞ்சம் சீக்கிரம் இழுத்துட்ட, தம்பி. அவ இன்னும் ஒரு நொடி காக்க வெப்பா."

அந்த ஒரு நொடிதான் என்னிடம் மிச்சம். மறுபடி வேலைக்குப் போகிறேன். பரிசோதனை அறையின் கதவைச் சாத்தியதும், இயந்திரத்தைப் போடுவதற்கு முன், அவள் காக்க வைப்பதுபோல் காத்திருந்து மூச்சை இழுத்துப் பார்க்கிறேன். இன்னும் சீக்கிரமாகவே வருகிறது.